கோமதிநாயகம் மாற்றம்

"பேரரசுகள் எழுந்தன, விழுந்தன. கோட்டைகள் மண்ணாயின. ஆனால் எட்டூர்ப் பங்காளிகளின் இரத்தம் மட்டும் தலைமுறை தலைமுறையாக ஒரு துளி கலக்காமல், ஆதியில் எப்படிக் கொதித்ததோ அப்படியே இன்றும் கொதித்துக்கொண்டிருக்கிறது."

எட்டூர்ப் பங்காளிகள் சங்கத்தின் நிரந்தரத் தலைவர் கோமதிநாயகம், தென்காசிக் கல்யாண மண்டபம் ஒன்றின் மேடையில் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தபோது அவருடைய இரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. ஆக, வாக்கியத்தின் கடைசிப் பகுதி உண்மைதான்.

எட்டூர்ப் பங்காளிகள் என்பவர்கள் ஒரே தகப்பன் வழி வந்து ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள். வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தெய்வத்துக்குக் கொடை விழா நடத்துவதும், மற்ற நாட்களில் ஒருவர்மேல் ஒருவர் வரப்பு வழக்குப் போடுவதும் சங்கத்தின் முக்கியப் பணிகள். அன்று மண்டபத்தில் நடந்தது எச்சில் சேகரிக்கும் முகாம். அழைப்பிதழில் அப்படிப் போட முடியாது என்பதால் 'குருதி மரபுப் பெருவிழா' என்று போட்டிருந்தார்கள்.

முகாமை நடத்த வந்த டாக்டர் ஜெஸிந்தா, பாளையங்கோட்டையில் ஓர் ஆய்வு மருத்துவமனையில் இருப்பவர். ஆறு பேர் பேசி முடித்த பிறகு அவருக்கு மைக் கிடைத்தது.

"ஒற்றை ஊசி பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க," என்றார். "உங்க குடும்பங்கள்ல பிரஷரும் கொழுப்பும் நெறைய பேருக்கு இருக்கு. நாப்பது வயசுலயே நெஞ்சு வலி வந்து போனவங்க இருக்காங்க. பரம்பரையா வர்ற ஏதோ ஒரு எழுத்துப் பிழையா இருக்கலாம். எச்சில் குடுத்தீங்கன்னா படிச்சுப் பாப்போம். பிழை எந்த இடத்துல இருக்கோ அங்க போய்த் திருத்துற மாதிரி ஒரு ஊசி செய்வோம். அது ஈரலுக்குப் போய் வேலைய முடிச்சிரும். ஆயுசுக்கும் மாத்திரை வேண்டாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒருத்தருக்குச் செஞ்ச ஊசி, அவருக்கு மட்டும்தான்."

கடைசி வாக்கியம் வரும்போது சாப்பாட்டுக் கூடத்தின் கதவைத் திறந்துவிட்டார்கள். டாக்டர் அதைக் காலி நாற்காலிகளுக்குச் சொன்னார்.

தலைவருக்கான குழாயை நர்ஸ் ஒருத்தி தட்டில் வைத்து, சந்தனம் குங்குமத்தோடு மேடைக்குப் பின்னாலிருந்த மணமகன் அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். கோமதிநாயகம் அதைத் தொடவில்லை.

"ஏ ஆவுடை, இங்க வா."

ஆவுடையப்பன் அவருடைய தம்பி. அண்ணன் போகவேண்டிய இடங்களுக்கெல்லாம் அண்ணனுக்குப் பதிலாகப் போவதே அவருடைய தொழில் என்று சொல்லிவிடலாம். கலெக்டர் ஆபீசில் காத்திருந்தது அவர், துக்க வீடுகளில் தலை காட்டியது அவர். அண்ணனுக்குப் பெண் பார்க்கக்கூட அவரைத்தான் அனுப்பினார்கள்; அன்று அண்ணனுக்குத் தமிழ் மன்றத்தில் ஒரு தலைமையுரை இருந்தது. பெண் உலகம்மாள் சம்மதம் சொன்னாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

"இன்னைக்குச் சஷ்டி," என்றார் கோமதிநாயகம். "வெரதத்துல எச்சி துப்பக் கூடாது. நீ துப்பிக் குடுத்துரு."

"சஷ்டி நாளைக்குல்லாண்ணே."

"எனக்கு இன்னைக்கே."

"குழாயில ஒங்க பேரு போட்டிருக்கே."

"பேரு என்ன பேரு. ஒரு வயித்துல பொறந்தோம், ஒரே ரத்தம். ஒன் எச்சி வேற, என் எச்சி வேறயா? தலைவரு ஒரு குழாய்க்குள்ள துப்பினாருன்னு நாளைக்கு எட்டூர்லயும் பேசுவான். ஆகவே, நீ துப்பு."

'ஆகவே' அவருடைய சொல். அவர் பேச்சில் அதற்கு முன்னால் வருவதற்கும் பின்னால் வருவதற்கும் பெரிய சம்பந்தம் இருக்காது. ஆனால் அது வந்துவிட்டால் எதிரில் இருப்பவர் ஏதோ செய்தாக வேண்டும். ஆவுடையப்பன் துப்பினார். தன் குழாயை முன்பே நிரப்பியிருந்ததால் வாய் காய்ந்திருந்தது. புளியங்காயை நினைத்துக்கொண்டு அண்ணனுடையதையும் நிரப்பினார்.

தலைவருக்கே பார்த்தாயிற்று என்பதால் மற்ற பங்காளிகளில் பாதிப் பேர் துப்பாமலே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

முடிவு வந்தபோது டாக்டர் ஜெஸிந்தா நேரிலேயே வந்தார். சகோதரர்கள் இருவருக்கும் ஒரே பிழை. உலகத்தில் எங்கேயும் இதுவரை யாரும் பார்க்காத ஒன்று. அது கொழுப்பையும் ஏற்றும், அழுத்தத்தையும் ஏற்றும். இதற்கு ஓர் எண் கொடுத்துப் பதிவு செய்யப் போவதாகச் சொன்னார்.

"நம்பர் லாரிக்கு வைக்கது," என்றார் கோமதிநாயகம். "கண்டுபிடிச்ச எடத்துக்கு ஒரு பேரு வேண்டாமா?"

"யாருகிட்ட மொதல்ல கண்டுபிடிச்சமோ அவங்க சம்மதிச்சா அவங்க பேரையே வைக்கலாம் ஐயா. இந்தத் துறையில அப்படி ஒரு வழக்கம் வந்திருக்கு."

அவர் சம்மதித்தார். அதுவரை எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததில்லை. 'கோமதிநாயகம் மாற்றம்' மருத்துவ உலகத்தின் பதிவுகளில் ஏறியது. பேருந்து நிலையத்தின் எதிரே ஃபிளெக்ஸ் எழுந்தது. 'பிழை' என்ற சொல்லைச் சங்கம் பொதுக்குழுவைக் கூட்டித் தடை செய்தது. 'மாற்றம்' என்றே சொல்ல வேண்டும். உலகத்தில் எந்தக் குலத்துக்கும் வாய்க்காத அந்தப் பெருமையைத் திருத்தி ஒழிக்கும் ஊசி வந்ததும், முதலில் கை நீட்டியவரும் அவரே.

இரண்டாவது கை ஆவுடையப்பனுடையது. அவருக்கு அதுவரை தலைவலிகூட வந்ததில்லை. தனக்கு ஒன்றும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் முகாமுக்குக் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவர் எந்தக் குழாயிலும் துப்பியிருக்க மாட்டார்.

ஊசி போட்ட மறுவாரம் 'மாத்திரைகளுக்கு விடை கொடுக்கும் விழா' நடந்தது. இருபது வருடமாகக் கோமதிநாயகத்தின் அழுத்தத்தைக் கட்டிவைத்திருந்த மாத்திரைகளுக்குப் பொன்னாடை போர்த்தி, சிற்றாற்றில் விட்டார்கள்.

"டாக்டரம்மா கொஞ்ச நாளைக்கு அதையும் சேத்துப் போடச் சொன்னாவளே," என்றாள் உலகம்மாள்.

"அது சாதாரண ஆளுகளுக்கு."

மருத்துவமனையில் ஆளுக்கொரு கைப்பட்டை கொடுத்திருந்தார்கள். இரவும் பகலும் அழுத்தத்தையும் நடையையும் அளந்து, ஆள் இருக்கும் இடத்தோடு பாளையங்கோட்டைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கோமதிநாயகம் அதை ஒரு பொதுக்கூட்டம் வரைக்கும் கட்டியிருந்தார். மேடையில் அது பச்சையாக மினுக்கியது.

"பட்டாசுக் கடை மாதிரி இருக்குல, ஆவுடை. நீ போட்டுக்கோ. எல்லாம் ஒண்ணுதான்."

அன்றிலிருந்து ஆவுடையப்பனின் இரண்டு மணிக்கட்டிலும் இரண்டு பட்டைகள். இடது கை தம்பி, வலது கை அண்ணன். இரண்டும் ஒரே அளவையே காட்டின, அழகான அளவு. ஊசி அவருக்கு நன்றாகவே வேலை செய்தது. பாளையங்கோட்டைத் திரையில் இரண்டு கோடுகள் பிரியாமல் ஓடுவதைப் பார்த்து டாக்டர் ஜெஸிந்தா ஒரு கட்டுரை எழுதினார். வெளிநாட்டில் வாசித்தார். எழுந்து நின்று கை தட்டினார்களாம்.

வீட்டில் உப்புக்கு விதித்திருந்த தடை நீங்கியது. காலையில் இட்லிக்கு உப்பு நார்த்தங்காய். மத்தியானம் மோர்மிளகாய், அப்பளம் நாலு. சாயங்காலம் காராச்சேவு. தலை வலித்தபோது அது சிந்தனையால் என்றார். பிடரியில் குத்தியபோது பொறுப்பால் என்றார்.

"ஏங்க, ஒருக்கா அளந்து பாருங்களேன். பக்கத்து வீட்டுல மெசின் இருக்கு."

"ஊசி போட்ட பெறவு அளந்து பாக்கது அறிவியலைச் சந்தேகப்படுதது, உலகு."

"சந்தேகப்பட்டா அது கோவிச்சுக்கிடுமாக்கும்," என்றாள் அவள். ஆனால் பக்கத்து வீட்டு மெசினை வாங்கி வரவில்லை. வாங்கி வந்திருக்கலாம் என்று பிறகு பல முறை நினைத்தாள்.

அந்த வருடக் கொடைக்குப் பிறகு கூடிய பொதுக்குழுவில், குலத்தின் இரத்தம் கடல் கடந்து புகழ் பெற்றதைக் கோமதிநாயகம் நெடுநேரம் விளக்கினார். பிறகு குரலை உயர்த்தி, "ஆகவே," என்றார்.

சபை காத்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இடைவெளி விட்டுப் பேசுவது அவருடைய பாணி என்பதால் முன்வரிசை கை தட்டியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, வலது கை மைக்கை விட்டு நழுவிய பிறகுதான் ஆவுடையப்பன் மேடைமேல் ஏறினார்.

பாளையங்கோட்டையில் கட்டிலில் கிடத்தி அளந்தபோது அழுத்தம் இருநூற்று இருபது. டாக்டர் ஜெஸிந்தாவுக்குப் புரியவில்லை. அவர் கையிலிருந்த திரையில் கோமதிநாயகத்தின் பட்டை நேற்று வரை, இன்று காலை வரை, இப்போதுகூட ஒழுங்கான அளவையே காட்டிக்கொண்டிருந்தது. மேடையில் பட்டை எங்கேயோ கழன்று விழுந்திருக்க வேண்டும், எவனோ எடுத்துக் கையில் கட்டியிருக்கிறான் என்று நினைத்தார். நேற்று வரைக்கும் கட்டுக்குள் இருந்தது இன்று உடைந்திருக்கிறது என்றால், ஊசி பாதி வேலையில் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதே ஊசியை இன்னும் வீரியமாக, உடனே போட வேண்டும். மருந்து தயாராக இருந்தது.

கையெழுத்து வாங்க வந்த நர்ஸ் ஆவுடையப்பனிடம் விவரம் சொன்னாள்.

"இது அந்த மாற்றம் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் போடலாம் ஐயா. இல்லாதவங்களுக்குப் போட்டா நல்ல எழுத்தையே அழிச்சிரும், ஈரல் போயிரும். ஒங்க அண்ணாச்சிக்குத்தான் இருக்கே, பயமில்ல. அவுக பேருதான அதுக்கு."

ஆவுடையப்பன் பேனாவைப் பிடித்தபடி நின்றார்.

"ஏம்மா, அண்ணன் தம்பின்னா இதெல்லாம் ஒண்ணுபோலத்தான இருக்கும்?"

"எனக்கும் என் தங்கச்சிக்கும் ஒரு செருப்புகூடச் சேராது," என்று சிரித்தாள் அவள். "ஏன் கேக்கீய?"

"சும்மா கேட்டேன்."

கையெழுத்துப் போடாமல் வராந்தாவுக்குப் போனார். உண்மையைச் சொன்னால் அண்ணனுக்கு என்ன ஆகும் என்று யோசித்தார். ஃபிளெக்ஸ் இறங்கும். எட்டூரும் சிரிக்கும். அண்ணன் எழுந்து வந்தால் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். சொல்லாவிட்டால் அண்ணன் எழுந்து வராமலே போகலாம். ஒரே ரத்தம், ஒரே ரத்தம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். இத்தனை வருடம் நம்பிய வார்த்தை, இன்று ஊசி முனையில் வைத்துப் பார்க்கும்போது நம்பப் பயமாக இருந்தது. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்தார். வேகமாக நடந்தார்.

உள்ளே டாக்டர் ஜெஸிந்தா ஊசியை எடுக்கும் முன் கடைசியாக ஒருமுறை திரையைப் பார்த்தார். கட்டிலில் அசையாமல் கிடக்கும் கோமதிநாயகம், திரையின் கணக்குப்படி விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார். அதோடு, திரை காட்டிய இடம் இதே மருத்துவமனைதான்.

டாக்டர் ஊசியை வைத்துவிட்டு வெளியே வந்தார். வராந்தாவில் நடந்துகொண்டிருந்தது ஒரே ஒருவர்.

"கொஞ்சம் நில்லுங்க ஐயா."

ஆவுடையப்பன் நின்றார். டாக்டரின் கையிலிருந்த திரையிலும் கோமதிநாயகம் நின்றார்.

"சட்டைக் கைய மடக்குங்க. ரெண்டு கையும்."

பச்சை விளக்குகள் இரண்டும் மினுக்கின. பெஞ்சில் உட்கார்ந்திருந்த உலகம்மாள் அதைப் பார்த்தாள். வீட்டில் தினமும் பார்த்ததுதான். அண்ணனுக்குத் தம்பி பட்டை சுமப்பது, குடை சுமப்பது மாதிரி என்றே அவளும் இருந்துவிட்டாள்.

"எச்சிலும் நாந்தான் குடுத்தேன்," என்றார் ஆவுடையப்பன். டாக்டர் கேட்கும் முன்பே சொன்னார். "ரெண்டு குழாயும்."



"பொண்ணு பாக்க வந்தது நீங்க, மாலை போட்டது வேற ஆளு," என்றாள் உலகம்மாள். "அப்பமே நான் எந்திரிச்சுப் போயிருக்கணும். இந்த வீட்டுல எதுக்குத்தான், தம்பி, அவிய நேர்ல வந்தாவ?"

"மன்னிச்சிருங்க மைனி."

"ஒங்கள என்னத்த மன்னிக்க. ஒங்களுக்குத் துப்பத் தெரிஞ்ச அளவுக்கு மாட்டேன்னு சொல்லத் தெரியல."

ஊசி போடப்படவில்லை. பழைய மாத்திரையின் மருந்தையே குழாய் வழியாக ஏற்றினார்கள். புதிதாக எச்சில் எடுக்க நர்ஸ் பஞ்சோடு வந்தாள். கோமதிநாயகத்தின் வாயோரம் அது தானாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. உலகம்மாள் துண்டால் துடைத்தபடியே இருந்தாள். பஞ்சு நெருங்கியபோது அவர் இடது கையை மெல்லத் தூக்கித் தடுத்தார். பிறகு கையை இறக்கி, முதன்முறையாகத் தன் எச்சிலைத் தானே கொடுத்தார். அறைக்குள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆகவே," என்றார்.

அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. மூளையில் பேச்சு இருக்கும் இடம் அடிபட்டால் சிலருக்கு அப்படி ஏதாவது ஒன்று தங்கிவிடும், வாழ்நாளில் அதிகம் சொன்னதாக இருக்கலாம் என்றார் டாக்டர். அது தன் பெயராக இருந்திருக்கக் கூடாதா என்று உலகம்மாள் நினைத்தாள்.

முடிவோடு வந்த டாக்டர் ஜெஸிந்தா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணனுக்கு அந்த மாற்றம் இல்ல."

"போட்ட ஊசி?" என்றார் ஆவுடையப்பன்.

"உள்ள போய்த் தேடியிருக்கும். ஒண்ணும் கெடச்சிருக்காது. வீரியம் கம்மி, அதனால கெடுதல் பண்ணாம போயிருச்சு. ரெண்டாவதப் போட்டிருந்தா இந்நேரம் நாம இப்படி உக்காந்து பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்."

ஆவுடையப்பன் எதையோ கேட்க வாயெடுத்து மூடினார். டாக்டருக்குப் புரிந்தது.

"ஒரே அப்பா, ஒரே அம்மாதான் ஐயா. அதையும் பாத்துட்டேன். சீட்டுக்கட்டு மாதிரி வச்சுக்கோங்க. அப்பா கையில ஒரு கட்டு, அம்மா கையில ஒரு கட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசாக் கலைச்சு, பாதிப் பாதி எடுத்துக் குடுப்பாங்க. அந்தக் கெட்ட சீட்டு ஒங்களுக்கு விழுந்துச்சு, அவருக்கு விழல. அவ்வளவுதான்."

"அப்ப அவருக்குப் பிரஷர் எப்படி வந்துச்சு?"

"உப்பு. தொந்தி. வயசு. கோபம். எல்லாருக்கும் வர்ற மாதிரி."

எல்லாருக்கும் வர்ற மாதிரி. கோமதிநாயகத்தைப் பற்றி யாரும் இப்படிச் சொன்னதில்லை. நல்லவேளை அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அவரே துப்பியிருந்தா என்ன சொல்லியிருப்பீய?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"ஒங்களுக்கு ஊசி வேண்டாம், இருக்கிற மாத்திரைய விடாமப் போடுங்க, உப்பக் கொறைங்கன்னு சொல்லியிருப்பேன்."

"நான் கல்யாணமான நாள்ல இருந்து அதத்தான் சொல்லுதேன்."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "என் மேலயும் தப்பு இருக்கும்மா. வேண்டிய பக்கத்த மட்டும்தான் அன்னைக்குப் படிச்சேன். முழுசாப் படிச்சிருந்தா ரெண்டு குழாயும் ஒரே ஆளோடதுன்னு பத்து நிமிசத்துல தெரிஞ்சிருக்கும். பட்டையும் ரெண்டும் ஒட்டிக்கிட்டே ஓடுச்சு. புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிட்டோம்னு சந்தோஷப்பட்டேன். சந்தேகப்பட்டிருக்கணும்."

தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அவர் வெளிநாட்டுக்கு எழுதினார். அதற்கு யாரும் எழுந்து நிற்கவில்லை.

பெயர் ஒன்றுதான் மிச்சம். அதை மாற்ற, பெயருக்கு உரியவரே சம்மதிக்க வேண்டும் என்பது விதி. சங்கம் கூடியது. ஆவுடையப்பன் அண்ணனைச் சக்கர நாற்காலியில் வைத்து மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். நடந்ததை எல்லாம் அவரே மைக்கில் சொன்னார். எழுபது வயதில் அதுதான் அவருடைய முதல் மேடைப்பேச்சு. அதுவும் தன் சார்பில் பேசியது. கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"பெயரை எடுத்துவிடலாமா?" என்று துணைத்தலைவர் பிரமநாயகம் தலைவரைக் குனிந்து கேட்டார்.

கோமதிநாயகம் தம்பியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணோரம் நனைந்திருந்தது, அது நோயினாலும் இருக்கலாம்.

"ஆகவே," என்றார்.

"தலைவர் ஆகவேன்னு சொல்லிட்டாவ," என்று பிரமநாயகம் சபையைப் பார்த்து அறிவித்தார். "ஆகவே, பேரு மாறாது."

கை தட்டினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வீடு திரும்பும்போது நாற்காலியைத் தள்ளிக்கொண்டே ஆவுடையப்பன், "என்னண்ணே சொல்ல வந்தீய?" என்று கேட்டார். அண்ணன் சொன்ன சொல்லுக்குப் பின்னால் தனக்கென்று ஏதோ ஒன்று இருந்ததாக அவருக்குத் தோன்றியது. திட்டாக இருந்தாலும் சரி, கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தார். கோமதிநாயகம் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார். பேருந்து நிலையத்தின் எதிரே ஃபிளெக்ஸ் வெயிலில் வெளுத்திருந்தது.

ஆவுடையப்பன் நன்றாக இருக்கிறார். ஊசிக்குப் பிறகு அவருக்கு அழுத்தமும் இல்லை, கொழுப்பும் இல்லை. அவருடைய பேரனுக்கும் அந்தக் கெட்ட சீட்டு விழுந்திருந்தது. அவனுக்கும் ஊசி போட்டாயிற்று. ஒரு பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். வலது மணிக்கட்டில் தடம் மட்டும் இருக்கிறது.

மருத்துவப் பதிவுகளில் அதற்கு இன்றும் கோமதிநாயகம் மாற்றம் என்றுதான் பெயர். கோமதிநாயகத்துக்கு அது கிடையாது.